ஒன்பதாவது எபிசோட்

அறிவிப்பு முதலில் வந்தபோது அண்ணன் மட்டும்தான் பார்த்தான். ரிமோட்டில் 'சரி' என்பதை அழுத்தினான். அது மறைந்தது. அவன் ஒன்பதாவது எபிசோடைப் போட்டுக்கொண்டான்.

நான் பார்த்தது ஆறு நாள் கழித்து, என் வார விடுமுறையில். கடைக்குப் போகப் பையை எடுத்துக்கொண்டு கூடத்தைக் கடந்தேன். திரை முழுக்க மஞ்சள். நடுவில் மூன்று வரி. எங்கள் சேவை இம்மாதம் முப்பதாம் தேதி காலை பத்து மணியுடன் நிறைவடைகிறது. இத்தனை நாள் உடனிருந்ததற்கு நன்றி. மூன்றாவது வரியைப் படிப்பதற்குள் அண்ணன் 'சரி'யை அழுத்திவிட்டான்.

"அண்ணா, இரு. என்ன போட்டிருந்தான்?"

"மஞ்சள்," என்றான்.

அந்த ஆப்பை அவன் அப்படித்தான் சொல்வான். அதன் சின்னம் ஒரு மஞ்சள் வட்டம். வீட்டில் எல்லோருக்கும் அது மஞ்சள்தான். அதில் ஆயிரம் படம் இருந்திருக்கும். அண்ணனுக்கு ஒன்றுதான். பூட்டுக்கடை என்று ஒரு தொடர், பன்னிரண்டு எபிசோட், அதில் ஒன்பதாவது. மாலை ஐந்து நாற்பதுக்குத் தொடங்குவான். இருபத்திரண்டு நிமிடம். முடிந்ததும் எழுந்து கை கழுவிவிட்டுத் தட்டின் முன் உட்காருவான். நாலு வருடமாக இதுதான் நடக்கிறது.

அண்ணனுக்கு நாற்பத்தொன்று. அவன் இருக்கும் விதத்துக்கு டாக்டர் ஒரு பெயர் சொல்லியிருக்கிறார். வீட்டில் அந்தப் பெயர் புழங்குவதில்லை.

போன வருடம் தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள். இரண்டு நாள் இணையம் இல்லை. என் போனிலிருந்து இணைத்துப் பார்த்தேன். படம் வரவில்லை, வட்டம்தான் சுற்றியது. அண்ணன் வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சாப்பிடவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு போனோம். நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தினார்கள். அவனைப் பிடித்துக்கொள்ள ஐந்து பேர். அதில் ஒருத்தி நான். என் கையைக் கடித்தான். தழும்பு இருக்கிறது.

முப்பதாம் தேதிக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

சமையலறையில் அம்மாவிடம் சொன்னேன்.

"அதுவா? அது ஆறு நாளா வருது," என்றாள். "இதுல போனா வேற எதுலயாவது வராமலா போயிடும்?"

"இது அதுல மட்டும்தாம்மா இருக்கு."

"எல்லாத்துலயும் எல்லாமும் வருது, இனிமே எதுவும் தொலையாதுன்னு நீதானடி சொன்ன."

சொல்லியிருந்தேன். மஞ்சளில் சேர்ந்த அன்று சொன்னது.

எனக்கு எக்ஸ்ரே பிரிவில் வேலை. பதினாறு வருடமாக ஒரே அறை. ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் அதே மூன்றைச் சொல்கிறேன். அசையாதீங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க. விடுங்க. ஆள் அசைந்தால் படம் கெடும். கெட்டதை அழித்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். கையெழுத்துப் போடும் டாக்டர் ஒருபோதும் கெட்டதைப் பார்ப்பதில்லை.

வேலை ஆறு மணிக்கு முடியும். நான் வீடு சேரும்போது அண்ணன் சாப்பிட்டு முடித்திருப்பான். விடுமுறை நாளிலும் அந்த இருபத்திரண்டு நிமிடம்தான் அவன் என்னைத் தேடாத நேரம். அப்போது கடைக்குப் போய்விடுவேன். ஒன்பதாவது எபிசோடை நான் ஒருமுறைகூட முழுதாகப் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவரை எக்ஸ்பிரஸ் என்று கூப்பிடுவோம். அவ்வளவு மெதுவாகத் தள்ளுவார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"டிவி பாக்காம சாப்பிட மாட்டாரா?"

"மாட்டான்ணே."

"எங்க வீட்டுல ஒருத்தரும் சாப்பிட மாட்டேங்கறாங்க. அதுக்கு எந்த டாக்டரும் பேரு வெக்கலையே."

நான் சிரிக்கவில்லை. அவர் ஸ்ட்ரெச்சர் சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"மொபைல் கடையில கேளும்மா. அவனுங்க எடுக்காததா."

மொபைல் கடைக்காரர் கேட்டார். "பேரு என்ன சொன்னீங்க?"

"பூட்டுக்கடை."

மூன்று இடத்தில் தேடினார். நாலாவது இடத்தில் தேடும்போது இரண்டு பேருக்கு ரீசார்ஜ் செய்தார், ஒருவருக்குக் கண்ணாடி ஒட்டினார். நான் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டு நின்றேன்.

"நேத்து வந்த படம் இன்னிக்குக் காலையில கிடைக்குது. இது கிடைக்கலக்கா."

"ஏன்?"

"யாரும் திருடல. திருடனுக்கும் ஒரு ரசனை இருக்குல்ல."

திரையில் ஓடுவதை அப்படியே பதிவுசெய்ய முடியுமா என்று கேட்டேன். என் போனில் மஞ்சளை ஏற்றிச் செய்து காட்டினார். இருபத்திரண்டு நிமிடக் கறுப்பு வரும் என்று ஒரு நிமிடக் கறுப்பைக் காட்டினார்.

"பூட்டு போட்டு வெச்சிருக்கான்."

"டவுன்லோடுன்னு ஒரு பட்டன் இருக்கே?"

"அது அவன் பெட்டிக்குள்ளயே வெச்சிக்கறது. பெட்டி போனா அதுவும் போயிடும்."

மஞ்சளின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே பதில். ஏழாவது கடிதத்துக்கு அதுவும் வரவில்லை. முக்கியம் என்று சொன்னவரையும் அனுப்பிவிட்டார்கள் போல.

தொடரின் கடைசியில் ஓடும் பெயர்களை நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொண்டேன். இயக்குநரின் எண் கிடைக்க நாலு நாள் ஆயிற்று. அவர் இப்போது குளியலறைக் கற்களுக்கு விளம்பரம் எடுக்கிறார். மதிய இடைவேளையில், உடை மாற்றும் அறையிலிருந்து கூப்பிட்டேன்.

"எந்தப் பூட்டுக்கடைங்க?"

"நீங்க எடுத்தது சார். தொடர்."

"ஓ," என்றார்.

"அதோட காப்பி உங்ககிட்ட இருக்குமா சார்?"

"என்கிட்ட எப்படிம்மா இருக்கும்? எடுத்தேன், குடுத்தேன். நானே பாக்கணும்னாலும் அதுலதான் காசு கட்டிப் பாக்கணும்."

"ஒன்பதாவது மட்டும் போதும்."

"ஒன்பதா? ரெண்டு பேரும் கடைக்குள்ள மாட்டிக்குவாங்களே, அதுவா? அது கையில காசு இல்லாம ஒரே ரூம்ல எடுத்ததும்மா. இருக்கறதுலயே மோசம். அதையா கேக்கறீங்க?"

"எங்க அண்ணன் தினமும் பாக்கறான் சார். நாலு வருஷமா."

மறுமுனையில் பெருக்கிப் பார்ப்பது கேட்டது.

"கணக்குல ஆயிரத்து ஐந்நூறுன்னு காட்டுச்சு. அத்தன பேரு பாத்திருக்காங்கன்னு நெனச்சேன்," என்றார். "ஒரே ஆளா?"

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"சேச்சே. ஏதாவது வழி கிடைச்சா எனக்கும் ஒண்ணு அனுப்பிவிடும்மா."

பத்து நாள் இருந்தது. திரையின் மூலையில் இப்போது ஒரு எண் வர ஆரம்பித்திருந்தது. தினம் ஒன்று குறைந்தது. என் போனில் ஏற்றிய ஆப்பை அப்படியே வைத்திருந்தேன். இரண்டு எக்ஸ்ரேக்கு நடுவில் திறந்து எண்ணைப் பார்ப்பேன். குறைந்திருக்காது. மூடிவிட்டு மறுபடி திறப்பேன்.

மறுபடி மொபைல் கடைக்குப் போனபோது கடைக்காரரே சொன்னார். "டிவியை போட்டுட்டு போனால வீடியோ எடுத்துடுங்கக்கா. அதுக்கு எவனும் பூட்டு போட முடியாது."

எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

இருபத்திரண்டாம் தேதி அனுமதி கேட்டு நாலு மணிக்கே வந்தேன். ஸ்டூல் மேல் அரிசி டின், அதன் மேல் போன். அண்ணன் என்னைப் பார்த்தான், டின்னைப் பார்த்தான், பிறகு இரண்டையும் விட்டுவிட்டான். ஐந்து நாற்பதுக்குத் தொடங்கினான். நான் போனைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

எடுத்ததைப் படுக்கையறையில் உட்கார்ந்து பார்த்தேன். ஓரத்தில் அண்ணனின் பின்தலை. ஒவ்வொரு வசனத்துக்கும் அரை நொடி முன்னால் அவன் குரல். மிக்ஸி. குக்கர் இரண்டு தடவை. தெருவில் யாரோ ஹாரனை அழுத்திக்கொண்டே போகிறார். பதினோராவது நிமிடத்தில் அம்மா சமையலறையிலிருந்து ஏதோ கத்துகிறாள். பதினாறில் இருமுகிறாள். பதினெட்டில் நானே குறுக்கே போகிறேன்.

கெட்ட படம். அழித்தேன். அழித்தவை போய்ச் சேரும் இடத்தையும் காலி செய்தேன். வேலையில் அப்படித்தான் பழக்கம்.

அடுத்து இருபத்தைந்து, விடுமுறை. காலை பதினொன்றுக்கு இருவரையும் வெளியே அனுப்ப முடிவுசெய்தேன்.

"இந்த வெயில்ல இவனை எங்கடி கூட்டிட்டுப் போறது?"

"எங்கயாவது போம்மா. ஒரு மணி நேரம்."

"பெத்தவள வீட்ட விட்டுத் துரத்த நல்ல வழி கண்டுபிடிச்ச."

"அவன் பார்க்குல வண்டி எண்ணுவான். நீ நிழல்ல உக்காந்துக்கோ."

"பெரியவனே, கிளம்பு. உன் தங்கச்சி நம்ம ரெண்டு பேரையும் அனுப்பிட்டு வீட்ட எழுதி வாங்கப் போறா."

போனார்கள். ஜன்னல்களை மூடினேன். திரைச்சீலையை இழுத்து ஓரங்களில் துணி செருகினேன். மின்விசிறியை நிறுத்தினேன். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். மொபைல் கடைக்காரர் முக்காலி ஸ்டாண்டு கொடுத்திருந்தார். போனைத் திரைக்கு நேராக, மட்டம் பார்த்து வைத்தேன். தரையில் உட்கார்ந்தேன்.

அன்றுதான் கதையைக் கவனித்து முழுதாகப் பார்த்தேன். பூட்டுக்கடை வைத்திருக்கும் இரண்டு மச்சான்கள். ஷட்டர் விழுந்து கடைக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறார்கள். சுற்றிலும் முந்நூறு சாவி தொங்குகிறது, ஷட்டருக்கான சாவி மட்டும் இல்லை. பதினோராவது நிமிடம் நாற்பதாவது நொடியில் சின்ன மச்சான் கேட்கிறான், "மச்சான், சாவி எங்க?" பெரியவன் கால்சட்டைப் பைகளைத் தடவுகிறான். டிராயரை இழுக்கிறான். ஒன்பது நொடி யாரும் பேசுவதில்லை. பிறகு அவன், "யோசிக்கறேன்," என்கிறான். சாவி அவன் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அது கடைசி நிமிடத்தில்தான் தெரியும்.

சிரிப்பு வந்திருக்கலாம். நான் பாதி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சுத்தமாக வந்திருந்தது. ஒரு ஈயின் சத்தம்கூட இல்லை. பென் டிரைவில் ஏற்றினேன். இரண்டாவது பென் டிரைவிலும் ஏற்றினேன். ஃபிரிட்ஜை மறந்துவிட்டேன். பால் திரிந்துபோயிற்று.

முப்பதாம் தேதி காலை வேலையில் இருந்தேன். பத்தாவது ஆளோ பதினொன்றாவது ஆளோ ஒரு பெரியவர். மார்பு எக்ஸ்ரே. பலகையோடு ஒட்டி நிற்கவைத்தேன். தோளை முன்னால் தள்ளச் சொன்னேன். கண்ணாடிக்குப் பின்னால் வந்தேன்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க."

மேசைமேல் போன். மணி பத்து. ஆப்பைத் திறந்தேன். மஞ்சள் வட்டம் வந்தது. வெள்ளையாயிற்று. நன்றி என்று ஒரு சொல். மூடித் திறந்தேன். நன்றி. மறுபடி திறந்தேன்.

கதவைத் திறந்து எக்ஸ்பிரஸ் தலையை நீட்டினார். "ஏம்மா, உள்ள ஒருத்தர் செவந்துட்டு நிக்கறாரே."

"ஐயா, விடுங்க. மூச்சை விடுங்க."

பெரியவர் விட்டார். பலகையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க சொல்லாம எப்படிம்மா விடறது?" என்றார்.

அன்றைக்கும் நாலு மணிக்கு வீட்டில் இருந்தேன். பென் டிரைவை டிவியில் செருகினேன். ஜன்னல்களை மூடினேன். மின்விசிறியை நிறுத்தினேன். அது போனில் எடுத்தது, நிறம் கொஞ்சம் வெளிறியிருந்தது. வேறு எதுவும் அண்ணனைக் கலைத்துவிடக் கூடாது.

"குக்கர் வேண்டாம். மிக்ஸி வேண்டாம். பேசாத. ஒரு இருபத்திரண்டு நிமிஷம் அப்படியே உக்காரு."

"இருமல் வந்தா?" என்றாள் அம்மா.

"வாயைப் பொத்திக்கோ."

"செத்தவங்க மாதிரி இருக்கணும். அவ்வளவுதான? பழகிக்கறேன்."

ஐந்து நாற்பது. அண்ணன் வந்து உட்கார்ந்தான். ரிமோட்டில் மஞ்சளைத் தேடினான். நான் வாங்கி, படத்தை ஓடவிட்டேன். கொஞ்சம் முன்னால் சாய்ந்தான். திரையின் நான்கு மூலைகளையும் பார்த்தான். முதல் வசனத்தை அரை நொடி முன்னால் சொன்னான்.

ஐந்து நிமிடம். எட்டு. பத்து.

"மச்சான், சாவி எங்க?"

அண்ணன் தலையைத் திருப்பினான். ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினான். மச்சான், சாவி எங்க? மறுபடி ஓட்டினான். மறுபடி. நான் எண்ணினேன். பதினேழு முறை. பிறகு எழுந்தான். கூடத்திலிருந்து வாசல். வாசலிலிருந்து சமையலறை. அங்கே நின்று அம்மாவைப் பார்த்தான். அம்மா வாயைப் பொத்தியபடி என்னைப் பார்த்தாள். நான் கையைக் காட்டினேன், சும்மா இரு. அண்ணன் திரும்பி வந்து பின்னால் ஓட்டினான்.

ஏழு மணிக்கு டிவியை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். தட்டு அப்படியே இருந்தது.

அந்த ஒன்பது நொடியில் ஏதோ கோளாறு என்று முடிவுசெய்தேன். ஆஸ்பத்திரியில் பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். மயிரிழை முறிவைத் தேடுவதுபோல ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினேன். இடது ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. திரைச்சீலையில் வெளிச்சம் கசிந்திருக்கிறது. மொபைல் கடைக்காரர் அரை மணி நேரம் உட்கார்ந்து அதைத் துடைத்துக் கொடுத்தார். மாலை அதைப் போட்டேன். ஜன்னல் மூடி, விசிறி நிறுத்தி, அம்மா வாயில் சேலைத் தலைப்பு. அதே இடம். அதே பின்னோட்டம். இந்தத் தடவை எண்ணவில்லை.

இரண்டு வாய் தண்ணீர் குடித்தான். உதடு வெடித்திருந்தது. அம்மாவும் சாப்பிடவில்லை என்று மறுநாள் காலைதான் கவனித்தேன்.

"அவன் தட்டு அப்படியே இருக்கும்போது எனக்கு எங்க இறங்கும்?"

எக்ஸ்பிரஸ் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார். இந்தத் தடவை கிண்டல் இல்லை.

"நாளைக்கு வரைக்கும் பாக்காதம்மா. இன்னிக்கே கூட்டிட்டு வந்துடு. நான் வாசல்ல நிக்கறேன். வேகமா தள்ளுவேன்."

மாலை பையைத் தயார் செய்தேன். துண்டு, மாற்று உடை, பழைய சீட்டுகள். யார் யார் பிடிப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புவது என்று இருந்தேன்.

ஐந்து நாற்பது. அண்ணனுக்கு உட்கார முடியவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டான். வசனங்களைச் சொன்னான், உதடு மட்டும் அசைந்தது.

"மச்சான், சாவி எங்க?"

பின்னால் ஓட்டினான். நான் பையைத் தோளில் மாட்டினேன். பின்னால் ஓட்டினான். வண்டிக்குக் கூப்பிடப் போனை எடுத்தேன்.

"மச்சான், சாவி எங்க?"

"சட்டைப் பையிலதான்டா இருக்கு." சமையலறையிலிருந்து அம்மா கத்தினாள். "எத்தன வருஷமா சொல்றேன். ஒரு நாளாவது காதுல வாங்கினியாடா?"

நான் திரும்பினேன். அவள் வாயிலிருந்து தலைப்பு விழுந்திருந்தது. என்ன செய்துவிட்டோம் என்று அவளே பயந்துபோனாள்.

அண்ணன் ரிமோட்டைக் கீழே வைத்தான்.

"யோசிக்கறேன்," என்றான். அரை நொடி கழித்துத் திரையில் பெரிய மச்சானும் சொன்னான். படம் நகர்ந்தது. பன்னிரண்டு. பதிமூன்று. பதினாறில் அம்மா இருமினாள். அண்ணன் தலையை ஆட்டினான். நான் பையோடு நின்றேன். முடிந்ததும் அவன் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கை கழுவினான். இரண்டு தட்டுச் சாப்பிட்டான். அம்மா நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

"தினமும் அதச் சொல்லுவியாம்மா?"

"எத?"

"சட்டைப் பையில இருக்குன்னு."

"சொல்லுவேனா?" யோசித்தாள். "சொல்லுவேனாத்தான் இருக்கும். ஒருத்தன் கண்ணு முன்னாடி வெச்சிக்கிட்டே தேடிட்டு இருந்தா வாயி சும்மா இருக்குமா?"

மறுநாள் காலை மொபைல் கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். இருபத்திரண்டாம் தேதி எடுத்து அழித்ததை மீட்க வேண்டும் என்றேன்.

"அழிச்சதுல முப்பது நாள் இருக்கும்க்கா. எடுத்துடலாம்." போனை வாங்கிப் பார்த்தார். "அதையும் காலி பண்ணிட்டீங்களே. யாருக்கா இவ்வளவு சுத்தமா இருக்கறது?"

இயக்குநருக்குச் சுத்தமான பிரதியை அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. 'முழுசாப் பாத்தேன். நான் சொன்ன அளவுக்கு மோசமில்ல. ரொம்ப மோசம். நன்றிம்மா.'

அதற்கப்புறம் தினமும் நடக்கிறது. ஐந்து நாற்பதுக்குப் பென் டிரைவ். பதினோராவது நிமிடம் அம்மா. நான் எட்டிலிருந்து நாலு வரை வேலையை மாற்றிக்கொண்டேன். அந்த நேரத்தில் வீட்டில் இல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரு நாள் நான் சொல்லிப் பார்த்தேன். சமையலறையில் அதே இடத்தில் நின்று, அதே சத்தத்தில், அதே சொற்களை. அண்ணன் திரும்பிப் பார்த்தான்.

"நீ இல்ல," என்றான். பின்னால் ஓட்டினான்.

அம்மாவுக்கு எழுபத்து மூன்று. இரண்டு வருடமாக இருமுகிறாள். நானே மூன்று தடவை எக்ஸ்ரே எடுத்திருக்கிறேன். மூச்சைப் பிடிக்கச் சொன்னால் பிடிக்க மாட்டாள். "எவ்வளவு நேரம்டி பிடிக்கறது?" என்று கேட்பாள். மூன்றும் கலங்கலாகத்தான் வந்தன. எதையும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வேறு யாராவது என்றால் நாலாவது எடுத்திருப்பேன், அம்மாவுக்கு எடுக்கப் பயமாக இருந்தது.

சமையலறையில் உப்பு ஜாடிக்குப் பின்னால் என் போனைப் பதிவில் வைக்க ஆரம்பித்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வாய் வராது. எட்டு நாளில் எட்டு. சட்டைப் பையில. பையிலதான்டா. ஒரு நாள் வெறும் 'பையில'. ஒரு நாள் தன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். இரு, சட்டைப் பையிலடா, ஆங் சொல்லு. ஒரு நாள் சொல்லும்போதே இருமல். அன்று நான் கூடத்திலிருந்து பார்த்தேன், அண்ணன் அதையும் ஏற்றுக்கொண்டான். எதையும் அழிக்கவில்லை. எதையும் அவனுக்குப் போட்டுக் காட்டவும் இல்லை. நீ இல்ல என்று அதற்கும் சொல்லிவிட்டால் பிறகு என்ன என்று தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் அம்மா கண்ணாடி மாற்றப் போனாள். நாலரைக்கு வந்துவிடுவேன் என்றாள். ஐந்தாயிற்று. ஐந்தேகாலுக்குக் கூப்பிட்டேன். ஃபிரிட்ஜ் மேல் அவள் போன் அடித்தது. வாசலுக்குப் போனேன். தெருமுனை வரை நடந்தேன். திரும்பி ஓடிவந்தேன், அண்ணன் தனியாக இருந்தான்.

"அண்ணா, இன்னிக்குக் கொஞ்சம் லேட்டாப் பாக்கலாமா?"

"அஞ்சு நாப்பது," என்றான்.

ஐந்து நாற்பதுக்குத் தொடங்கினான்.

நான் சமையலறையில் போய் நின்றேன். போனில் ஆறாவது பதிவு தெளிவாக இருக்கும். சத்தத்தை முழுதாக வைத்தேன். எட்டாவது நிமிடம். ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது. யாரோ ஒரு பெண் வந்தாள், அம்மா இல்லை. பத்தாவது நிமிடம். விரல் வழுக்கியது, சேலையில் துடைத்துக்கொண்டேன்.

"மச்சான், சாவி எங்க?"

விரலை வைத்தேன். அழுத்தவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. கூடத்தில் அண்ணன் தலையைத் திருப்புவது தெரிந்தது. அவன் கை ரிமோட்டுக்குப் போயிற்று. ஐந்து.

கேட் கிறீச்சிட்டது. செருப்பு ஒன்று விழுந்தது.

"சட்டைப் பையிலடா," என்றது வாசலில் அம்மாவின் குரல். "இந்தப் பையக் கொஞ்சம் வாங்குங்களேன் யாராவது."

"யோசிக்கறேன்," என்றான் அண்ணன்.

அம்மா உள்ளே வந்தாள். புதுக் கண்ணாடியில் அவள் கண்கள் பெரிதாக இருந்தன. பையைத் தரையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வரிசை பெருசுடி. ஏன் இப்படி நிக்கற? மூச்ச விடு."

விட்டேன். கையிலிருந்த போனைப் பார்த்தேன். அன்றைக்குப் பதிவு போட்டிருக்கவில்லை.